நாலரை இஞ்ச் சுவர்

கொத்தனாரம்மாவுக்கும் அவள் தங்கைக்கும் சண்டை என்றால் தெருவில் யாரும் கதவைத் திறந்து வேடிக்கை பார்ப்பதில்லை. இழுத்து மூடிக்கொள்வார்கள். பறந்து வருகிற பாத்திரத்துக்கு யார் வீட்டு மண்டை என்று தெரியவா போகிறது? அக்காவுக்கு ஐம்பத்தொன்று, தங்கைக்கு நாற்பத்தாறு. அந்த வயதில் மற்ற பெண்களுக்கு மூட்டுவலி வரும். இவர்கள் இருவருக்கும் குறி தப்பாமல் எறிகிற வித்தை வந்திருந்தது.

அக்கா பதினான்கு வயதில் கலவைச் சட்டி தூக்கப் போனவள். இருபது வருஷம் தூக்கினாள். ஒருநாள் மேஸ்திரி குடித்துவிட்டு மணல் குவியல்மேல் மட்டையாகிவிட, அவர் கொத்துக்கரண்டியை எடுத்து, அவர் விட்ட இடத்திலிருந்து சுவரை எழுப்பிவிட்டாள். மறுநாள் வந்து பார்த்தவருக்குத் தன் செங்கல் வரி எது, இவள் வரி எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தக் கோபத்தில் ஓர் அறை விட்டார். இவளும் ஒன்று திருப்பி விட்டாள். அன்றிலிருந்து அவள் கொத்தனாரம்மா.

தங்கை ஊறுகாய்க்காரி. எலுமிச்சை, வெள்ளரி, தக்காளி, எது லோடு லோடாக வந்து இறங்குகிறதோ அதை உப்பிலும் வெயிலிலும் போட்டு, பாட்டிலில் அடைத்துக் கடைகளுக்குக் கொடுப்பாள். ஒருத்தியின் கை சிமெண்டில் வெந்தது, இன்னொருத்தியின் கை உப்பில் வெந்தது. இரண்டும் கட்டை போன்ற கைகள். பட்டால் வலிக்கும்.

அந்த வீட்டில் அடி என்பது அப்பா வழிச் சொத்து. பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு அவர் வரும்போது அக்கா தங்கைமேல் கவிழ்ந்து படுத்துக்கொள்வாள். முதுகு அவளுடையது, அழுகை தங்கையுடையது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு நிம்மதியாக இருந்திருக்க வேண்டியவர்கள்தான். ஆனால் பழகிய கைகள் சும்மா இருக்கவில்லை. நடுவில் அக்கா கல்யாணம் செய்துகொண்டு போனாள். புருஷன் வீட்டில் திருப்பி அடிக்கிற வழக்கம் இல்லை என்று தெரிந்ததும் இரண்டே வருஷத்தில் திரும்பி வந்துவிட்டாள். தங்கை அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

போன மாதம் ஒரு பாட்டில் மூடிக்காகச் சண்டை. மூடியைக் காணோம், அவ்வளவுதான் விஷயம். தங்கை குழவிக்கல்லால் மண்டையில் போட்டாள். அக்கா அவள் கழுத்தைப் பிடித்தாள். தன் ரத்தம் கண்ணில் வழிய வழிய, தங்கையின் முகம் நீலம் பாரித்துக் கண் மேலே செருகும் வரைக்கும் பிடித்தாள். விட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. விரல்களுக்குத் தெரியவில்லை. கடைசியில் இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

ஏழு தையல் போட்ட நர்சம்மா நூலைக் கத்தரித்துக்கொண்டே சொன்னாள்: "இதோட உங்க ரெண்டு பேருக்கும் பன்னெண்டு தடவை தைச்சிருக்கேன். அடுத்த தடவை ஒருத்தி நடந்து வருவா, ஒருத்தியைத் தூக்கிட்டு வருவாங்க. யாரு யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிக்குங்க."

தங்கை சிரித்தாள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவளைப் போன்ற ஒரு பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. இவளை ஒருநாள் கொன்றுவிடுவேன் என்று முதல்முறையாக அவளுக்குத் தோன்றியது. வெறும் வாய்ப்பேச்சாக இதை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். மனதில் தோன்றியது அன்றுதான்.

"வீட்டுக்கு நடுவுல சுவர் வைக்கப் போறேன்" என்றாள் வீடு வந்ததும்.

"வையேன். உன் மூஞ்சியப் பாக்காம இருந்தா என் ஊறுகாயாச்சும் கெடாம இருக்கும்."

அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வேலை தொடங்கியது. தெருப்பக்கம் ஒரு முன்னறை, அதற்குப் பின்னால் ரயில் பெட்டி மாதிரி நீண்ட ஒரு சமையலறை, சமையலறைக் கடைசியில் சந்துக்குத் திறக்கும் பின்கதவு. வீடு அவ்வளவுதான். சமையலறைக்குக் குறுக்கே நாலரை இஞ்ச் சுவர், அதாவது செங்கல்லைப் படுக்கவைத்து ஒற்றை வரியாக எழுப்புகிற மெல்லிய தடுப்பு. முன்பாதி அக்காவுக்கு, பின்பாதி தங்கைக்கு. தெருக்கதவு அவளுக்கு, சந்துக்கதவு இவளுக்கு.

அன்றைக்கென்று பார்த்துத் தங்கைக்கு எண்பது கிலோ எலுமிச்சை வந்து இறங்கியிருந்தது. வழியில் அடிபட்ட பழம், அன்றே நறுக்கி உப்பில் போடாவிட்டால் மறுநாள் பூசணம் பிடிக்கும். ஆகவே ஒருத்தி சுவர் எழுப்ப, ஒருத்தி பழம் நறுக்க, இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பார்த்தவர்களுக்கு இப்படி ஒற்றுமையான உழைப்பு உண்டா என்று தோன்றியிருக்கும். கிட்டே வந்து கேட்டிருந்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பார்கள்.

"மட்டம் பாத்து வை. உன் புத்தி மாதிரியே கோணலா போகுது."

"வாயை மூடிட்டு நறுக்கு. கத்தி கையில இருக்கு, கழுத்து கிட்ட இருக்கு, ஞாபகம் வச்சுக்க."

சுவர் முழங்கால் உயரம் வந்தபோது ஒரு முழு எலுமிச்சை பறந்து வந்து அக்காவின் தையலில் சரியாகப் பட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள், கரண்டியை ஓங்கினாள், சுவரைப் பார்த்தாள், உட்கார்ந்தாள். இன்னும் ஆறு அடிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த செங்கல்லை வைத்தாள். இடுப்பு உயரம் வந்தபோது தங்கை சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து சுவர்மேல் டொக்கென்று வைத்தாள்.

"தட்டை எடுடி, ஈரச்சுவர், வரி கலைஞ்சிடும்!"

"தின்னுட்டு எடுத்துக் குடு. நீ பட்டினி கிடந்து செத்தா போலீஸ்ல என்னையில்ல கேப்பாங்க."

அக்கா நின்றபடியே தின்றாள். தட்டில் ஒரு மூலையில் புதுசாக உப்புப் போட்ட எலுமிச்சைத் துண்டு ஒன்று இருந்தது. நன்றாகத்தான் இருந்தது. சொல்லுவாளா? மாட்டாள்.

கீழ்வரிகள் இறுகட்டும் என்று இடையில் தன் பாதியிலிருந்த பழைய சுவர்களுக்கு வெள்ளையடித்தாள். ஒரு டிரம்மில் சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றியிருந்தாள். அது குபுகுபுவென்று கொதித்து அடங்கி, தயிர் மாதிரி வெள்ளையாகக் கிடந்தது. அந்தப் பக்கம் தங்கை இரண்டு அண்டாக்களில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டிருந்தாள். ஒன்றில் உப்பு கரைத்தாகிவிட்டது. மற்றது பாட்டில் அலச. குழாயில் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர், அதனால் வீட்டில் இருந்த நல்ல தண்ணீர் எல்லாம் அந்த அண்டாவோடு சரி.

நாலு மணிக்குச் சுவர் தலையைத் தாண்டியது. இனி இருவருக்கும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அக்கா ஸ்டூல்மேல் ஏறி மேல்வரிகளை வைத்துக்கொண்டிருந்தாள். எண்பது கிலோவில் அறுபது கிலோவை முடித்துவிட்ட தங்கை முதுகை நிமிர்த்திக்கொண்டு சுவர் ஓரமாக வந்து நின்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

"அக்கா. அன்னைக்கு நீ என் கழுத்தைப் பிடிச்சப்ப, உன் மூஞ்சி எப்படி இருந்துச்சு தெரியுமா?"

"எப்படி இருந்துச்சாம்?"

"அப்பா மாதிரியே இருந்துச்சு. அச்சு அசலா. உதட்டைக் கூட அப்படியே மடிச்சே."

மண்டையில் குழவிக்கல் விழுந்தபோது இப்படி வலிக்கவில்லை. எந்த மூஞ்சியிலிருந்து இவளை மறைத்து வைத்தாளோ, அந்த மூஞ்சி என்கிறாள். அக்கா ஸ்டூலிலிருந்து இறங்கி, டிரம்மில் குவளையை விட்டு, நிறைய மொண்டு, சுவருக்கு மேலே வீசினாள். எலுமிச்சையைக் குறிவைத்துத்தான் வீசினாள், அந்த எண்பது கிலோவும் நாசமாகப் போகட்டும் என்றுதான் வீசினாள். பிற்பாடு எல்லாரிடமும் அப்படித்தான் சொன்னாள். நாமும் நம்பிவிட்டுப் போவோம்.

அந்தப் பக்கம் ஒரு அலறல் கேட்டது. இருவரும் இத்தனை வருஷம் போட்ட கூச்சலில் இப்படி ஒரு சத்தம் வந்ததே இல்லை.

"கண்ணு! அக்கா, கண்ணு எரியுது! கண்ணு!"

சுண்ணாம்பு கண்ணில் விழுந்தால் என்ன ஆகும் என்று அக்காவுக்குப் புத்தகம் படித்துத் தெரிய வேண்டியதில்லை. கூட வேலை செய்த ஒருவனுக்கு விழுந்தது. துடைத்துவிட்டு மதியம் வரைக்கும் வேலை பார்த்தான். சாயங்காலம் அந்தக் கண் வேகவைத்த முட்டை மாதிரி வெளுத்துவிட்டது.

"கண்ணை மூடாதே! தண்ணி அண்டாவுல முகத்தை முக்கு! முக்குடி!"

"எலுமிச்சை... சுண்ணாம்புக்கு எலுமிச்சைதான் முறிவு..."

அவள் தொழில் அப்படி. பாத்திரத்தில் சுண்ணாம்புக் கறை படிந்தால் எலுமிச்சைத் தோலைப் போட்டுத்தான் தேய்ப்பாள், நுரைத்துக்கொண்டு போய்விடும். பாத்திரத்துக்குச் சரியான வைத்தியம். வெந்துகொண்டிருக்கும் கண்ணில் அதைப் பிழிந்தால் மிச்சமிருப்பதும் போகும்.

"போடாதே! எலுமிச்சை போடாதே! நான் சொல்றேன் கேளுடி!"

சொன்ன பிறகுதான் அக்காவுக்குத் தன் முட்டாள்தனம் உறைத்தது. நாற்பத்தாறு வருஷத்தில் அக்கா 'வேண்டாம்' என்று சொல்லித் தங்கை செய்யாமல் விட்ட காரியம் ஒன்றுகூடக் கிடையாது. அந்தப் பக்கம் அவள் தட்டுத் தடுமாறிக் கூடையைத் தேடுகிற சத்தம் கேட்டது. சந்துக்கதவு உள்ளே தாழ். தெருவைச் சுற்றிக்கொண்டு ஓடினாலும் கதவை உடைக்க வேண்டும். நடுவில் இருப்பது அவளே காலையிலிருந்து எழுப்பிய சுவர்.

"எங்கே நிக்கிற? சுவரை விட்டுத் தள்ளிப் போ! தள்ளிப் போடீ!"

"பழக்கூடைகிட்ட..."

பழக்கூடை பின்கதவோரம். அது போதும். அவள் நாலடி பின்னால் போய், வலது தோளைக் கொடுத்து ஓடிப்போய் மோதினாள். சுவர் சிணுங்கியதே தவிர அசையவில்லை. நல்ல சுவர். அவள் கட்டினால் அப்படித்தான் இருக்கும். பாவி, இன்றைக்காவது மோசமாகக் கட்டியிருக்கக் கூடாதா? இரண்டாவது தடவை மோதியபோது தோள் எலும்பில் ஏதோ மளுக்கென்றது. மூன்றாவது தடவை மேல்வரிகள் அசைந்து, வளைந்து, தடதடவென்று அந்தப் பக்கம் சரிந்தன. கூடவே அவளும் விழுந்தாள். முழங்காலில் தோல் பெயர்ந்தது, ஒரு செங்கல் பாதத்தில் இறங்கியது. எழுந்து பார்த்தபோது தங்கை பாதி எலுமிச்சையைக் கண்ணருகே கொண்டுபோய்விட்டாள்.

அக்கா அந்தக் கையில் ஓங்கி ஒரு போடு போட்டாள். பழம் எகிறிச் சுவரில் போய் விழுந்தது. தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு அண்டா. எது உப்புத் தண்ணீர், எது நல்ல தண்ணீர்? முதலாவதில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள், கரித்தது. இரண்டாவதில் தங்கையின் தலையைத் திணித்தாள்.

இனி நடந்ததை வெளியிலிருந்து பார்த்தவர்கள் கொலை என்றுதான் சொல்லியிருப்பார்கள். தங்கைக்கும் அப்படித்தான் தோன்றியது. மூச்சுத் திணறித் திமிறினாள், உதைத்தாள், அக்காவின் மணிக்கட்டைச் சதை பிய்கிற அளவுக்குக் கடித்தாள். அக்கா அவள் முதுகில் முட்டியை ஊன்றி, தலையைத் தூக்கி, மூச்சு விட விட்டு, மறுபடி அமுக்கினாள். இமையைக் கட்டைவிரலால் பிரித்துப் பிடித்து, உள்ளே ஒட்டியிருந்த வெள்ளைத் திப்பியைப் புடவை நுனியால் வழித்து எடுத்தாள். தங்கை ஊளையிட்டாள். ஈவிரக்கம் பார்க்கிற நேரமா அது?

"கொல்றா! அய்யோ, என்னைக் கொல்றா!"

"கத்து. நல்லா கத்து. கண்ணை மட்டும் மூடாதே."

சுவர் விழுந்த சத்தத்துக்கு மட்டும் ஒரு கதவு திறந்தது. பக்கத்து வீட்டுக் கறிக்கடைக்காரர், ஆள் கதவு அகலம், தெருக்கதவு வழியாக ஓடி வந்து செங்கல் குவியல்மேல் ஏறிப் பார்த்தார். மண்டையில் தையலோடு ஒருத்தி இன்னொருத்தியைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருக்கிறாள். தண்ணீரில் ரத்தம். "விடும்மா! விடுன்னு சொல்றேன்ல!" என்று அக்காவின் முதுகில் ஒரு குத்து விட்டார். கறி வெட்டுகிற கை. அவள் தலையைக் குனிந்துகொண்டாளே தவிர பிடியை விடவில்லை. இன்னொரு குத்து. அதையும் வாங்கிக்கொண்டாள். மூன்றாவதுக்கு அவர் கையை ஓங்கியபோது, திரும்பிப் பார்க்காமலேயே முழங்கையால் அவர் மூக்கில் ஒன்று கொடுத்தாள்.

"சுண்ணாம்புய்யா! கண்ணுல சுண்ணாம்பு! அடிக்கிறதை நிறுத்திட்டு வண்டியை எடு!"

மூக்கைப் பிடித்துக்கொண்டு மனிதர் வண்டியை எடுக்க ஓடினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கை அடித்து வெகுநேரம் பார்த்தார். வலது கண்ணுக்கு ஒன்றுமில்லை. இடது கண்ணில் புகை மாதிரி ஒரு படலம் தங்கும், ஆனால் பார்வை பிழைத்துவிட்டது என்றார். "அந்த நிமிஷமே கழுவலைன்னா கண்ணு போயிருக்கும். யாரு கழுவினது?"

"எங்க அக்கா" என்றாள் தங்கை கட்டுக்குள்ளிருந்து. கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, "ஊத்தினதும் அவதான்" என்றாள்.

டாக்டரின் பேனா நின்றது. நர்சம்மா அக்காவின் தோளுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவள், முடிச்சைக் கொஞ்சம் அதிகமாகவே இறுக்கினாள். இரண்டும் உண்மை.

பதினோரு நாள் தங்கை ஆஸ்பத்திரியில் இருந்தாள். அக்கா ஒற்றைக் கையால் செங்கல் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஒட்டியிருந்த கலவையைக் கொத்தி எடுத்து, அடுக்கினாள். சுண்ணாம்பும் தூசியும் படாமல் தப்பிய எலுமிச்சை நாற்பது கிலோ இருந்தது. அதில் நறுக்காமல் கிடந்ததை முதல் ராத்திரியே நறுக்கி, உப்புப் போட்டு, எல்லாவற்றையும் பாட்டிலில் அடைத்து மூடினாள். மூடி எல்லாம் சரியாக இருந்தன. போன மாதம் காணாமல்போன மூடியும் அடுப்புக்கு அடியில் கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பாடு அழுதாள்.

தங்கை வீடு வந்ததும் இடது கண்ணில் கட்டோடு நேராக அலமாரிக்குப் போய், ஒரு பாட்டிலைத் திறந்து வாயில் போட்டுப் பார்த்தாள்.

"உப்பு கம்மி. ஒரு மாசம் தாங்காது."

"மறுபடியும் போட்டுடலாம்."

"சுவர் எங்கே?"

"அதான் விழுந்துடுச்சே. இனிமே எதுக்குடி சுவரு? நான் இனி உன்னைத் தொட மாட்டேன். சத்தியமா சொல்றேன்."

"நீ தொட மாட்டே. நான்?" தங்கை பாட்டிலை மூடிவிட்டுத் திரும்பினாள். ஒற்றைக் கண்ணால் அக்காவை உற்றுப் பார்த்தாள். "பதினோரு நாள் படுத்துக்கிட்டு நான் ஒண்ணே ஒண்ணுதான் யோசிச்சேன். எதை எடுத்து உன்னை அடிக்கிறதுன்னு. என்னைக் காப்பாத்த நீ சுவரை உடைச்சுக்கிட்டு வந்தது தெரியும், தோள் போனது தெரியும். எல்லாம் தெரிஞ்சும் கை அரிக்குது. நீ பயந்தியே, அந்தப் பயம் இப்ப எனக்கு வந்துடுச்சு. கட்டிடுக்கா. உத்தரம் வரைக்கும் கட்டிடு."

இவ்வளவு மரியாதையாக அவள் எதையும் கேட்டதில்லை.

மறுநாள் கட்டினார்கள். அக்காவால் வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை என்பதால், தங்கை அந்தப் பக்கம் நின்று செங்கல்லை எடுத்துக் கொடுத்தாள். பழைய செங்கல், புதுக் கலவை. அன்று இருவரும் திட்டிக்கொள்ளவில்லை. "கொஞ்சம் உள்ளே", "சாயுது பாரு", "கலவை போதும்" என்பதோடு சரி. தெருவில் நாலு பேர் என்னமோ ஏதோ என்று பயந்துபோய்க் கதவைத் திறந்து பார்த்தார்கள்.

உத்தரத்தை ஒட்டி மூன்று செங்கல்லுக்கு மட்டும் இடம் பாக்கி இருந்தது. அக்கா ஸ்டூல்மேல் நின்றாள். அந்தப் பக்கம் தங்கையும் ஒரு ஸ்டூல் போட்டு ஏறினாள். அந்த இடைவெளியில் கட்டுப் போட்ட அவள் முகம் தெரிந்தது.

"கிட்ட வா" என்றாள்.

அக்கா முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். இடைவெளி வழியாக ஒரு கை நுழைந்து பளாரென்று கன்னத்தில் அறைந்தது. பதினோரு நாள் சேர்த்துவைத்த அறை. அக்காவுக்குக் காது ரீங்கரித்தது, ஸ்டூல் ஆடியது. அவளுடைய இடது கை தானாக எழுந்தது. அதில் செங்கல் இருந்தது.

தங்கை முகத்தை நகர்த்தவில்லை.

"இப்ப வை" என்றாள்.

அக்கா வைத்தாள்.